ஆரி ஊசியும் முகூர்த்தத் தேதியும்: அல்சூரில் கைவேலையை வருமானமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பிளவுஸுக்கு மூன்று மொழியில் பேரம் நடக்கும் இடம் பெங்களூரின் அல்சூர். கல்யாணப் பெண்ணின் அம்மா தமிழில் விலை கேட்பார். வரப்போகும் மாமியார் கன்னடத்தில் டிசைன் சொல்வார். துணைக்கு வந்த எதிர்வீட்டு அம்மாள் தெலுங்கில் ‘இவ்வளவா!’ என்று வாயில் கைவைப்பார். ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஜோகுபாளையா, மர்ஃபி டவுன், கேம்பிரிட்ஜ் லேஅவுட் என்று சுற்றிலும் கல்யாண வீடுகளுக்குக் குறைவில்லை. ஆரி எம்பிராய்டரி வகுப்புக்குப் போய், தனக்கொன்று தங்கைக்கொன்று போட்டுப் பார்த்துவிட்டு, ‘காசுக்குச் செய்யலாமா?’ என்று யோசிப்பவருக்குச் சந்தை வாசலிலேயே நிற்கிறது.

ஆனால் சந்தை வாங்குவது உங்கள் கைத்திறனை மட்டும் அல்ல. முகூர்த்தத்துக்கு மறுநாள் வந்து சேரும் பிளவுஸ் எத்தனை அழகாக இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. ஆர்டரின் பேரில் செய்யும் எந்த வேலையிலும் விலைக்குப் போவது ஒரு தேதி. அந்தத் தேதியைக் காப்பாற்றும் விதமாக விலை, நோட்டு, டெய்லர், நாட்காட்டி எல்லாவற்றையும் அமைத்துக்கொள்வதற்கே இந்த வழிகாட்டி. குரோஷா பின்னுபவர்களும் சுடுமண் நகை செய்பவர்களும் தஞ்சாவூர் ஓவியம் வரைபவர்களும் ‘பிளவுஸ்’ வரும் இடத்தில் தங்கள் பொருளின் பெயரைப் போட்டுப் படிக்கலாம். முக்கால்வாசி பொருந்தும்.

படி 1: கை தயாரா என்று பாருங்கள்

சான்றிதழ் இதைச் சொல்லாது, துணியின் பின்பக்கம் சொல்லும். ஆரியின் அடிப்படை சங்கிலித் தையல். நுனியைச் சரியாகப் பூட்டாமல் விட்டால், நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் வரிசை முழுவதும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். ஆகவே முதல் சோதனை: நீங்கள் போட்ட பழைய பிளவுஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, எல்லா நுனிகளையும் நகத்தால் நெருடுங்கள். ஒன்று பிரிந்தாலும் இன்னும் இரண்டு மாதம் வீட்டாருக்கே போடுங்கள்.

அடுத்தது கல். பசையில் மட்டும் ஒட்டிய குந்தன் கல் அக்குளின் வியர்வையிலும் டிரை கிளீனிங்கிலும் விழும். ஒட்டிய பின் சுற்றி நூலால் பிடித்த கல் நிற்கும். மூன்றாவது சாயம். சிவப்பு, மெரூன், கரும்பச்சைப் பட்டு நூல்களில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை இறங்கினால் அந்த நூலை வெளிர்நிறத் துணிப்பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நான்காவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கைபேசியில் நேரம் வைத்து, ஒரு கைப்பகுதிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். டிவி ஓடும்போது ஆகும் நேரம், பாதியில் குக்கர் விசிலுக்கு எழுந்து போகும் நேரம் எல்லாம் சேர்த்துத்தான். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் விலையும் சொல்ல முடியாது, தேதியும் சொல்ல முடியாது.

படி 2: எதைச் செய்வீர்கள், எதை மாட்டீர்கள்

‘எல்லாம் செய்து தரப்படும்’ என்ற பலகை கடைக்குச் சரி, தனியாளுக்கு ஆபத்து. மூன்று மாதிரிகள் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தும் கைவிளிம்பும் மட்டும் கொண்ட எளிய வேலை ஒன்று, நிச்சயதார்த்தத்துக்குத் தகுந்த நடுத்தர வேலை ஒன்று, கைமுழுதும் நிறைந்த கல்யாண வேலை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழக் காடாத் துணி போதும், பிளவுஸாகத் தைக்க வேண்டாம். வருபவர் தொட்டுப் பார்க்கட்டும். போனில் காட்டும் படம் பேரத்தை நீட்டும்; கையில் கொடுக்கும் மாதிரி அதைச் சட்டென்று முடிக்கும்.

மறுக்க வேண்டியவற்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அம்மாவின் முப்பது வருடப் பட்டுப்புடவையிலிருந்து வெட்டிய துணி ஊசியைத் தாங்காது, இழை விடும். மைசூர் சில்க் வேறு கதை. 1912இல் தொடங்கிய மைசூர் ஆலையின் பேர்சொல்லும் அந்த கிரேப் பட்டு கர்நாடகத்தில் எல்லா வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். ஆனால் காஞ்சிப் பட்டின் விறைப்பு அதற்குக் கிடையாது. மேலே கனமான கல்லும் ஜர்தோசியும் ஏற்றினால் தொய்ந்து இழுக்கும். அடியில் இன்னொரு துணி சேர்த்து, வேலையைக் குறைத்துப் போடச் சம்மதித்தால் மட்டும் எடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் யாரோ பெரிய டிசைனர் போட்டதைக் காட்டி ‘அச்சு அசலா இதே வேணும்’ என்பார்கள். அதைத் தழுவி, பூவின் அமைப்பையும் நிறத்தையும் மாற்றி உங்கள் கோட்டில் வரைந்து காட்டுங்கள். அசலுக்கு நேராக வைத்து ஒப்பிடும் ஆர்டரில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது. அதோடு அது அடுத்தவரின் உழைப்பு.

படி 3: சாமான் வாங்கும் வழி

அவசரத்துக்கு கமர்ஷியல் ஸ்ட்ரீட், சிவாஜிநகர் பக்கம். சீசனுக்கு மொத்தமாக வாங்க சிக்பேட்டை, மாமூல்பேட்டை, அவென்யூ ரோடு. அல்சூரிலுள்ள ஹலசூரு மெட்ரோ நிலையத்தில் ஊதா வழித்தடத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைக்கு மாறினால் அடுத்த நிலையமே சிக்பேட்டை. ஆட்டோவில் போய் நெரிசலில் சிக்கிக்கொண்டால் மொத்த விலையில் மிச்சம் பிடித்தது மீட்டரில் போய்விடும்.

ஆரம்பத்தில் ஸ்டாண்டு, இரண்டு மூன்று அளவில் ஊசி, டிரேசிங் பேப்பர், நல்ல மேஜை விளக்கு போதும். நூலும் மணியும் ஆர்டர் வந்த பிறகு வாங்குங்கள். அழகாக இருக்கிறதே என்று வாங்கிக் குவித்த மணி டப்பாக்கள்தான் வீட்டுத் தொழிலில் பணம் உறங்கும் இடம். வாங்கும்போது ஒரு ஆர்டருக்கு வேண்டியதை ஒரே தடவையில், ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். அடுத்த வாரம் அதே கடையில் அதே எண்ணில் கிடைக்கும் தங்கநிற மணி ஒரு சாயல் மாறியிருக்கும். ஒரு கை முடிந்து மறுகை போடும்போதுதான் அது தெரியவரும். நிறம் சேர்ப்பதைக் கடையின் டியூப் லைட்டில் முடிவு செய்யாமல், புடவை முந்தானையையும் நூலையும் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய மணி, கல், நூல் கொஞ்சத்தைச் சின்னக் கவரில் போட்டு, வாடிக்கையாளர் பெயர் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கல் விழுந்தது என்று வந்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்து தரலாம். அப்படி வந்துபோகிறவர் அடுத்த கல்யாணத்துக்கும் உங்களிடம்தான் வருவார்.

படி 4: விலை போடுவது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரும்பாலானவர்கள் பக்கத்துத் தெருவில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதில் இருநூறு குறைத்துச் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரரும் அப்படி விசாரித்துத்தான் சொல்லியிருப்பார்.

உங்கள் மணிக்கூலியிலிருந்து தொடங்குங்கள். மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சிக்கு உட்காரும் தையல்காரருக்கே நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 60 ரூபாய்க்குச் சற்று மேல். பயிற்சிக்கு வருபவருக்கே அது என்றால், தேறிய கை அதன் இரட்டிப்பைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? மணிக்கு 120 என்று வைத்துக்கொள்வோம்.

நடுத்தர வேலை, முழங்கை வரை கை, 24 மணி நேரம் பிடிக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூல், மணி, கல், ஜர்தோசி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். கடைக்குப் போய்வந்த செலவு, டிரேசிங், கவர், போன் என்று 150. கூலி 2,880. ஆக 3,880. இதன்மேல் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 390, சேருங்கள். ஒடிந்த ஊசி, பிரித்துப் போட்ட வரிசை, மின்சாரம், ஸ்டாண்டின் தேய்மானம் எல்லாம் அதற்குள் அடக்கம். 4,270 வருகிறது, 4,300 என்று சொல்லுங்கள். தையல்கூலி தனி என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் அது ஏமாற்றுவேலை மாதிரி கேட்கும்.

உடனே வரும் பதில் தெரிந்ததுதான்: “அக்கா, சிக்பேட்டையில ரெண்டாயிரத்துக்கே போட்டுத் தராங்களே!” அங்கே கிடைப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. அதுவும் நன்றாகவே இருக்கும், மறுக்க வேண்டாம். “உங்க புடவைக்கு அதே போதும்னா தாராளமா வாங்கிக்கோங்க. கைவேலைன்னா எங்கிட்ட இந்த விலைதான்” என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். போகிறவர் போகட்டும். கன்னட வாடிக்கையாளர் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்பார். இந்த ஊரின் தேசிய கீதமே அதுதான். விலையில் அட்ஜஸ்ட் செய்யாமல் வேலையில் அட்ஜஸ்ட் செய்யுங்கள்: முதுகுப் பூவை ஒன்று குறைக்கலாம், கல்லுக்குப் பதில் நூலில் போடலாம், கைவிளிம்பை இரண்டு வரிசையாக்கலாம். பட்ஜெட் மூவாயிரம் என்றால் மூவாயிரத்துக்கு என்ன வரும் என்று வரைந்து காட்டுங்கள். அதே வேலையை மூவாயிரத்துக்கு ஒருமுறை செய்துவிட்டால், அவரைச் சேர்ந்த பத்துப் பேருக்கும் உங்கள் விலை அதுதான்.

சொந்தக்காரர் விஷயம் தனி. சித்தி மகளுக்குக் காசு கேட்க மனம் வராது என்றால் முழுசாகச் சும்மா போட்டுக்கொடுத்து, அதைக் கல்யாணச் சீர் என்று சொல்லிவிடுங்கள். அரை விலை மட்டும் வேண்டாம். கொடுத்தவருக்குக் காசு கொடுத்த நினைப்பும் உங்களுக்கு நஷ்டப்பட்ட நினைப்பும்தான் அதில் மிஞ்சும்.

படி 5: ஆர்டர் நோட்டு

வாட்ஸ்அப் பேச்சு கணக்கில் சேராது. எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு ஆர்டருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், போன், முகூர்த்தத் தேதி, உடுத்தும் தேதி. இந்தக் கடைசி இரண்டும் ஒன்றல்ல. பெங்களூரில் பல கல்யாணங்களில் முந்தைய நாள் மாலையே ரிசப்ஷன். பிளவுஸ் அதற்கா முகூர்த்தத்துக்கா என்று கேட்டு எழுதுங்கள். ஒரு நாள் தவறினாலும் எல்லாம் தவறியதுதான்.

அதே பக்கத்தில் பென்சிலில் டிசைன் கோட்டுப்படம், நூல் நிறத்துக்கு ஒரு சின்ன இழை ஒட்டியது, கல்லின் அளவு, கழுத்தின் ஆழம், கையின் நீளம், விலை, அட்வான்ஸ், பாக்கி. கீழே வாடிக்கையாளர் கையெழுத்து. கையெழுத்துக் கேட்பது முதலில் கூச்சமாக இருக்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் படத்தை ஒழுங்காகப் பார்ப்பார்: ‘ஐயோ, மயில் வேண்டாம்னு சொன்னேனே!’ அந்த ஐயோ இப்போதே வருவது நல்லது.

அட்வான்ஸ் பாதி. பொருள் வாங்கும் செலவும் முதல் சில நாள் கூலியும் அதில் அடங்கிவிட வேண்டும். அட்வான்ஸ் வராத ஆர்டருக்குத் தேதி ஒதுக்காதீர்கள். பாக்கியைப் பிளவுஸைக் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். கல்யாணம் முடிந்த வீட்டில் பணம் கேட்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை.

துணியை வாங்கும்போது அவர் எதிரிலேயே விரித்து, கறை, ஓட்டை, இழைவிட்ட இடம் இருந்தால் காட்டி எழுதிக்கொள்ளுங்கள். அளந்தும் பாருங்கள். புடவையோடு வரும் பிளவுஸ் துணி பலசமயம் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். முழங்கைக்குக் கீழே நீளும் கையும், உடம்புக்கேற்ற முதுகும் அதில் வராமல் போகலாம். பாதி வேலையில் அதைக் கண்டுபிடிப்பதைவிட வாசலிலேயே சொல்லி அனுப்பலாம்.

படி 6: டெய்லரைப் பிடியுங்கள்

ஆரி வேலையில் பாதி வெற்றி டெய்லர் கையில். இதை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் குறை. பிளவுஸ் தைத்த பிறகு ஆரி போட முடியாது. வெட்டிய துண்டுகளை ஸ்டாண்டில் கட்டவும் முடியாது. முழுத்துணியில் டெய்லர் அளவு வரைந்து தர, அந்தக் கோட்டுக்குள் நீங்கள் வேலை செய்து, அதன்பிறகு அவர் வெட்டித் தைக்க வேண்டும். நல்ல டெய்லர் ஒருவர் கிடைத்தால் பத்து வாடிக்கையாளரைவிட அது மேல்.

அவரோடு பேசி முடிக்க வேண்டியவை சில. தையல் விழும் கோட்டிலிருந்து குறைந்தது அரை அங்குலம் விட்டுத்தான் மணியும் கல்லும் வர வேண்டும். மெஷின் ஊசி கல்லில் பட்டால் ஊசியும் ஒடியும், கல்லும் தெறிக்கும். கல்யாணத்துக்குள் பெண் இளைப்பாள் அல்லது பூரிப்பாள். ஆகவே பக்கவாட்டில் ஒரு அங்குலமாவது பிரித்துவிடும்படி துணி இருக்க வேண்டும்; டிசைனைப் பக்கத்தையலுக்குள் ஓடவிடக் கூடாது. நெருக்கமாக வேலை செய்த துணி கொஞ்சம் சுருங்கும். வேலை முடிந்ததும் டெய்லர் அளவை மறுபடி வைத்துப் பார்த்துவிட்டே கத்தரி எடுக்கட்டும். இரண்டு கையிலும் வடிவம் ஒரே உயரத்தில் வருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

டிரேசிங்குக்கு ஒரு வார்த்தை. ஊசியால் துளையிட்ட தாளில் வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்பது பழைய முறை. அடர்நிறத்துக்கு அது கச்சிதம். வெளிர்நிறப் பட்டில் எண்ணெய்த் தடம் விழுமா என்று ஓரத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 7: தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முகூர்த்தம் 20ஆம் தேதி, ரிசப்ஷன் 19. போட்டுப் பார்த்துத் திருத்த ஒரு வாரம் வேண்டும். 12க்குள் தைத்து முடித்திருக்க வேண்டும். சீசனில் டெய்லருக்கு ஐந்து நாள். ஆக ஆரி வேலை 7ஆம் தேதி முடிய வேண்டும். வீட்டுவேலை போக ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் உட்கார முடியும் என்றால் 24 மணி நேர வேலைக்கு ஆறு நாள். விருந்தாளி, காய்ச்சல், பள்ளிக்கூட விடுமுறைக்கு மூன்று நாள் கூட்டுங்கள். பொருள் வாங்க இரண்டு நாள். முந்தைய மாதம் 26, 27க்குள் துணி உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் 7ஆம் தேதியையும் சொல்லாதீர்கள், 12ஐயும் சொல்லாதீர்கள். ‘13ஆம் தேதி வந்து போட்டுப் பாருங்க’ என்று மட்டும் சொல்லுங்கள்.

அவசர ஆர்டருக்குக் கூடுதல் கட்டணம் வாங்கலாம். ஆனால் அந்த அவசரம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒருவரின் நாட்களைத் தின்னக் கூடாது. இரவு பதினொன்றுக்கு மேல் போட்ட வரிசையைக் காலையில் பிரிக்கத்தான் நேரும். கண்ணும் கழுத்தும் உங்கள் முதல். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள்.

இனி ஆண்டு நாட்காட்டி. அல்சூரில் இது கொஞ்சம் சிக்கலானது, லாபமானதும்கூட. தமிழர் வீட்டில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். கன்னடத்தார் ஆஷாடத்தைத் தவிர்ப்பார்கள். ஆடி சூரியக் கணக்கு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. ஆஷாடம் சந்திரக் கணக்கு. பெரும்பாலும் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை கடைசியில் முடிந்துவிடும், அதற்கு முன்னால் அதிக மாதம் வரும் ஆண்டில் நகர்ந்து ஆடியோடு ஒட்டிக்கொள்ளும். ஆடியில் தமிழ் ஆர்டர் வறண்டிருக்கும்போதே சிராவணம் பிறந்து கன்னட வீடுகளில் கல்யாணம் தொடங்கிவிடும் என்பது இதன் பொருள். நடுவில் வரமகாலட்சுமி விரதம் வேறு. பெங்களூரில் அது பட்டுப்புடவைப் பண்டிகை. சிவாஜிநகர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளின் ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். மார்கழியில் கிறிஸ்தவர்களுக்கு கிறிஸ்மஸும் அதையொட்டிய கல்யாணங்களும். வெள்ளையும் கிரீமும் அப்போது கேட்பார்கள். தமிழ் நாள்காட்டியையும் கன்னடப் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். ஒரே சமூகத்தை நம்பினால் ஆண்டில் மூன்று மாதம் சும்மா இருக்க வேண்டிவரும்.

படி 8: முதல் வாடிக்கையாளர்கள்

இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்குங்கள், தவறில்லை. ஆனால் முதல் ஆர்டர் பெரும்பாலும் டெய்லர் கடையிலிருந்தும் பியூட்டி பார்லரிலிருந்தும் வரும். தெருவில் உள்ள இரண்டு பார்லர்களில் உங்கள் மாதிரித் துணியை வைக்கச் சொல்லுங்கள். மெஹந்தி போடுகிறவர், கல்யாண மேக்கப் செய்கிறவர் இருவரும் உங்களுக்கு முன்னரே பெண்வீட்டுக்குள் போய்விடுகிறவர்கள். ஆர்டர் கொண்டுவருபவருக்கு ஒரு பங்கு தருவதானால் விலைக்குள் அதை முன்பே வையுங்கள். உங்கள் கூலியிலிருந்து பிய்த்துக் கொடுக்காதீர்கள்.

படம் எடுக்கும்போது ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், புடவையின் கரைமீது பிளவுஸை வைத்து எடுங்கள். பெண்ணின் முகம் தெரியும் படத்தை அவர் சம்மதமில்லாமல் போட வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் பிளவுஸையே வெளியிட வேண்டாம்.

கண்காட்சியில் கடை போடுவது பற்றிப் பலரும் கேட்பார்கள். சித்ரகலா பரிஷத்தின் சித்ர சந்தே ஜனவரித் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில் குமார கிருபா சாலையில் நடக்கும். ஓவியம் வரைபவருக்கு அது அருமையான இடம். தஞ்சாவூர், மைசூர்ப் பாணி வரைபவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆரிக்காரருக்கு அங்கே வேலை இல்லை. மற்ற கைவினைச் சந்தைகளிலும் முடித்த பொருள்தான் விலைபோகும். ஆர்டர் வேலை செய்பவர் வாடகை கொடுத்து நிற்குமுன், ஒருமுறை பார்வையாளராகப் போய் யார் என்ன வாங்குகிறார்கள் என்று கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 9: யுபிஐ, ஜிஎஸ்டி, பதிவு

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பேக்கரி, காய்கறிக் கடைகளில்கூடக் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘கேஷ் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். அந்தப் பயம் இன்னும் வீட்டுத் தொழில் செய்யும் பெண்களிடம் இருக்கிறது. கணக்கைப் பார்த்தால் பயம் போய்விடும்.

வாடிக்கையாளர் துணியில் வேலை செய்து தருவது சேவை. துணியும் நீங்களே வாங்கி முடித்த பொருளாக விற்றால் அது சரக்கு. கர்நாடகத்தில் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சமும், சரக்கு மட்டும் விற்பவருக்கு 40 லட்சமும் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 4,300 ரூபாய் பிளவுஸில் 20 லட்சத்தைத் தொட ஏறக்குறைய 465 பிளவுஸ் போட வேண்டும். ஒன்றுக்கு 24 மணி என்றால் 11,160 மணி நேரம். வருடத்தில் இருப்பதே 8,760 மணி நேரம்! ஒற்றைக் கையால் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. சிக்கல் எங்கே வருமென்றால், சீட்டுப் பணம், வாடகை, அண்ணன் அனுப்பியது எல்லாம் அதே யுபிஐ கணக்கில் விழும்போது. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி கியூஆர். ஆர்டர் நோட்டையும் பழைய பில்களையும் தூக்கிப் போடாதீர்கள்.

உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை. ‘நான் எடுத்துத் தருகிறேன், ஆயிரம் கொடுங்கள்’ என்பவரை நம்பாதீர்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மாவில் பட்டியலில் உள்ள 18 தொழில்களில் எம்பிராய்டரி தனியாக இல்லை, தையல் இருக்கிறது. தையலும் சேர்த்துச் செய்பவர் பொதுச் சேவை மையத்தில் பதியலாம். பயிற்சியோடு கருவி வாங்க 15,000 ரூபாய் வரையும், 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் வரை கடனும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்குத்தான். கைவினைஞர்களுக்கு ஜவுளி அமைச்சகத்தின் கைவினை ஆணையரகம் தரும் பெஹ்சான் அடையாள அட்டை தனி. அதில் எம்பிராய்டரிக்காரர்களுக்கும் இடம் உண்டு. கடனை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பாதி அட்வான்ஸ் வாங்கும் தொழிலுக்குக் கடன் அவ்வளவாகத் தேவைப்படாது.

படி 10: தகராறு வந்தால்

வரும். நீங்கள் போட்ட இடம் தவறு என்றால் பேசாமல் பிரித்துப் போடுங்கள், காசு கேட்காதீர்கள். அவர் மனம் மாறினால் நோட்டை எடுத்துக் கையெழுத்தைக் காட்டி, மாற்றத்துக்கு மணிக்கூலி சொல்லுங்கள். பிரித்த பட்டில் ஊசித் தடம் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். துணியே பாழானால் துணியின் விலையைத் தர வேண்டியது நீங்கள்தான். புடவையோடு வந்த துணிக்கு மாற்று கிடையாது. அதனால்தான் முதல் ஆண்டில் கல்யாணப் பெண்ணின் முகூர்த்த பிளவுஸை எடுக்காமல் அவள் அத்தை, சித்தி, தோழி பிளவுஸ்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அங்கே தேதி கொஞ்சம் மன்னிக்கும்.

படி 11: இன்னொரு கை சேர்ப்பது

வருகிற ஆர்டரில் மூன்றில் ஒன்றைத் திருப்பி அனுப்பும் நிலை இரண்டு சீசன் நீடித்தால், ஆள் சேர்க்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கைப்பகுதிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் பேசும்போது, அவருக்கு ஆகும் நேரத்தையும் முதலில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். உங்கள் மணிக்கூலி 120 என்று போட்டுவிட்டு அவருக்கு 40 விழும்படி ரேட் பேசுவது அழகில்லை. தவிர, மாசியில் அவர் இன்னொருவரிடம் போய்விடுவார். நூல், மணி எல்லாம் நீங்களே எண்ணிக் கொடுங்கள். ஒரே பிளவுஸின் இரண்டு கைகளையும் ஒருவரிடமே கொடுங்கள். இழுப்பு ஆளுக்கு ஆள் மாறும். வலது கை ஒருவர், இடது கை ஒருவர் என்றால் கண்ணுக்குத் தெரியும். கழுத்தும் முதுகும் உங்களிடமே இருக்கட்டும்.

நாலைந்து பேராகிவிட்டால் பொதுப்பெயர் ஒன்று தேவைப்படும். பெல்லாரி மாவட்டத்துச் சண்டூரில் லம்பாணிப் பெண்களின் எம்பிராய்டரி சண்டூர் குசல கலா கேந்திரம் என்ற பெயரின்கீழ் வெளியே போகிறது; சண்டூர் லம்பாணி எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் பில்லில் உங்கள் பெயருக்குப் பதிலாக ஒரு பெயர் வந்தபின், வருகிறவர்கள் ‘அக்கா கையாலதான் வேணும்’ என்று அடம்பிடிப்பது குறையும். அடம்பிடிப்பவருக்கு அக்காவின் கைக்கு ஒரு விலை, குழுவின் கைக்கு ஒரு விலை என்று இரண்டு பட்டியல் வையுங்கள்.

விலையை ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுங்கள். ஆடி முடிவில் ஏற்றுவது நல்லது. அப்போது ஆர்டர் குறைவு, பழைய விலையில் எடுத்தவையும் கையில் அதிகம் இருக்காது. பழைய வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் முன்னரே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்: ‘ஆவணி முதல் புது விலை, அதற்குள் துணியும் அட்வான்ஸும் வந்தால் பழைய விலை.’ ஆவணி முகூர்த்தக்காரர்கள் அந்த வாரமே வந்து நிற்பார்கள்.